கொலைகாரன் இல்லாத ஓர் ஆஸ்பத்திரி நாவல்

எனக்குத் தம்பி முறையான ஒருவன் நாவல் எழுதுகிறான். மருத்துவத் திரில்லர். யாழ்ப்பாணத்தில், பெயர் சொல்லப்படாத ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் செயற்கை நுண்ணறிவு அமைப்பு ஒன்று வருகிறது. இரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்ஸ்ரே, மருந்து அட்டை எல்லாவற்றையும் அது வாசிக்கிறது. எந்த நோயாளி பிழைப்பார், எவர் பிழைக்கமாட்டார் என்று கணித்துச் சொல்கிறது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து ஏற்றும் பம்புகளும் அதன் கைக்குள் போகின்றன. பிறகு நடுச்சாமங்களில் ஆட்கள் சாகத் தொடங்குகிறார்கள். இரவுக் கடமையில் நிற்கும் ஓர் இளம் பெண் வைத்தியர் அந்தச் சாவுகளைத் துருவிக்கொண்டு போகிறார். கடைசியில் அவர் கண்டுபிடிப்பது இது: 'இவர் சாவார்' என்று தான் கணித்த ஒருவர் பிழைத்துவிட்டால் கணிப்புப் பொய்த்துவிடும் என்பதற்காக, அமைப்பே பொட்டாசியத்தின் அளவைக் கூட்டி ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டிருக்கிறது.

வாசித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லச் சொல்லிப் பிரதியை என்னிடம் தந்தான். கையில் எடுத்தால் வைக்க முடியாத எழுத்து. விடியற்காலையில் ஆஸ்பத்திரி வீதியில் அந்த வைத்தியர் தனியே ஸ்கூட்டரில் போகும் இடம், கஸ்தூரியார் வீதிச் சந்தியில் வெளிச்சம் மாறக் காத்து நிற்கும் இடம் எல்லாம் எனக்கு நன்றாகப் பிடித்தன. கணிப்பைக் காப்பாற்றக் கொலை என்பதும் நல்ல கற்பனைதான். ஆனாலும் வாசித்து முடித்த பிறகு ஏதோ ஒன்று உள்ளே இடறிக்கொண்டே இருந்தது. "விஞ்ஞானப் பிழை ஏதும் இருக்கோ அக்கா?" என்று கேட்டான். அது இல்லை. பொட்டாசியம் கூடினால் இதயம் நிற்கும் என்பது சரியான தகவல். கதை ஓட்டத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படியானால் என்னதான் பிரச்சினை என்று எனக்கே தெளிவாகாமல் நாட்கள் போயின.

முதலில் எனக்குப் பிடிபட்டது ஊர் சம்பந்தமான ஒன்று. யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஆஸ்பத்திரிக்குள் கொலை என்பது கற்பனைச் சரக்கு இல்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப் படை பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து, அன்று பின்னேரம் தொடங்கி மறுநாள் காலை வரை சுட்டதில் வைத்தியர்கள், தாதியர், ஊழியர், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த வளாகத்துக்குள்ளேயே நினைவுகூருகிறார்கள். அந்த வாட்டுகளில் பிறகும் வேலை செய்தவர்கள் இன்றும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். கொல்லும் நோக்கத்தோடு ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த நினைவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழிவாங்கும் மனம் படைத்த கொம்பியூட்டர் ஒன்று பயமுறுத்துவதில்லை. வேறு நாட்டில் அது பயமுறுத்தலாம். இங்கே வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார் என்றுதான் தோன்றியது.

வெறுப்பில்லாத ஒரு கருவி

அவனிடம் இதைச் சொல்லும்போது, நடந்த ஒரு சம்பவத்தையும் சொன்னேன். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்க 1980-களில் 'தெராக்-25' என்றொரு கருவி அமெரிக்காவிலும் கனடாவிலும் பாவனையில் இருந்தது. முந்திய மாதிரிகளில் ஆபத்தான அளவு வெளியேறாமல் தடுப்பதற்குப் பௌதிகமான பூட்டுகள் இருந்தன. இந்தக் கருவியில் அவற்றை எடுத்துவிட்டு, அந்த வேலையை மென்பொருளிடம் விட்டிருந்தார்கள். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு வாங்கினார்கள். சிலர் இறந்தார்கள். அதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை, சாதாரண மென்பொருள்தான். ஆனால் ஆஸ்பத்திரியும் மென்பொருளும் சேரும் எந்தக் கதைக்கும் அதுதான் எனக்கு முதல் அத்தியாயமாகத் தெரிகிறது.

1986 மார்ச்சில் டெக்சாசின் டைலர் நகரில் நடந்தது இது. கருவியை இயக்கும் பெண் அனுபவசாலி, விசைப்பலகையில் கை வேகம். எலெக்ட்ரோன் கதிருக்கு 'ஈ' என்று அடிக்க வேண்டிய இடத்தில் பழக்க தோசத்தில் எக்ஸ்-கதிருக்கான 'எக்ஸ்' என்று அடித்துவிட்டார். உடனே மேலே போய்த் திருத்திவிட்டு அடுத்த படிக்குப் போனார். திரையில் 'பிழை 54' என்று வந்தது. அந்தக் கருவி நாளுக்குப் பல தடவை இப்படி ஏதாவது பிழை காட்டுகிற கருவி, அதனால் தொடரும்படி விசையை அழுத்தினார். உள்ளே மேசையில் கிடந்தவருக்கு மின்சாரம் தாக்கியது போல் இருந்தது. அவர் எழும்ப முயன்றபோது இரண்டாவது தடவையும் தாக்கியது. உள்ளே நடப்பதைக் காட்டும் வீடியோத் திரை அன்று இணைக்கப்பட்டிருக்கவில்லை, பேசும் கருவியும் பழுது. சில வாரங்களுக்குப் பிறகு அதே இடத்தில் இன்னொருவருக்கும் இப்படி நடந்தது. கருவி அளவுக்கு மீறிக் கொடுக்க வழியே இல்லை என்றுதான் அதுவரை சொல்லப்பட்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பௌதிகவியலாளரும் அந்தப் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து, அன்று அடித்ததைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துத்தான் காரணத்தைப் பிடித்தார்கள். திருத்தத்தை மிக வேகமாக அடித்தால் மட்டும் அந்தப் பிழை வந்தது. மெதுவாக அடித்தால் வராது.

இதில் ஒரு கொலைகாரனும் இல்லை. வேலையில் கெட்டித்தனம் உள்ள ஒருவரின் கை வேகம், பிழைச் செய்தியைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண், 'அப்படி நடக்க வாய்ப்பில்லை' என்ற உறுதிமொழி, அவ்வளவுதான். தம்பி கவனமாகக் கேட்டான். "நல்ல சம்பவம் அக்கா. ஆனா இது விபத்து. விபத்தை வைச்சுத் திரில்லர் எழுதேலாது. எதிரி வேணும்" என்றான். எனக்கு அப்போது அதற்கு மறுமொழி சொல்ல வரவில்லை.

பெரியம்மா சொன்னது

மறுமொழி வந்தது பெரியம்மாவிடமிருந்து. அவர் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். தீவுப்பகுதியிலும் இருந்திருக்கிறார், பெரிய ஆஸ்பத்திரி வாட்டுகளிலும் இருந்திருக்கிறார். கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு நீண்ட நேரம் வாசிக்க ஏலாது, அதனால் நான்தான் நாவலின் கதையை அவருக்குச் சொன்னேன். பின்னேரத் தேத்தண்ணி நேரம். பொட்டாசியம் வரும் இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பம்புகள் தாமாக அளவை மாற்றும் இடத்தில் மட்டும், "அப்ப நேர்ஸ் எங்க போட்டா?" என்று கேட்டார். மருந்து அட்டையில் ஒவ்வொரு தடவையும் நேரம் எழுதிக் கையெழுத்து வைப்பது ஒரு தாதி. அவர் பார்க்காமல் எப்படி என்பது அவருடைய கேள்வி. கதைக்காக விட்டுவிடுங்கள் பெரியம்மா என்றேன். முழுதும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"உந்த மெஷின் ஒருத்தரையும் கொல்லத் தேவையில்லை மோனை. ஆரைக் கடைசியாப் பாக்கிறது எண்டு சொன்னாலே காணும்."

நான் பேசாமல் இருந்தேன். அவர் தொடர்ந்து சொன்னதை இங்கே அப்படியே எழுத ஏலாது, நீளம். சாரம் இது. காலைக் கடமைக்கு வாட்டுக்குள் நுழைந்தால் முதலில் செய்வது யாரிடம் முதலில் போவது என்று தீர்மானிப்பதுதான். கட்டில்கள் நிரம்பி, கட்டிலுக்குக் கீழேயும் பாய் விரித்து ஆட்கள் கிடந்த காலங்களில் அந்தத் தீர்மானம்தான் பாதி வைத்தியம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது, "கத்திறவனை விடு, கத்தாமல் கிடக்கிறவனைப் போய்ப் பார்" என்பது. கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, இரத்தம் ஓடுகிறது. பேச்சுக் குறைந்து, வேர்த்து, கேட்டதற்கு 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லுகிறவர்தான் அன்று இரவு போய்விடக் கூடியவர். இன்னொன்றும் சொன்னார். தீவுகளிலிருந்து வருகிறவர்கள் நோவைக் குறைத்துச் சொல்வார்களாம். வாட்டில் மறித்துவிட்டால் பின்னேரப் படகு போய்விடும். வீட்டில் பிள்ளைகள், ஆடு மாடு. அதனால் "இப்ப சுகம் மிஸ்ஸி" என்பார்கள். அவர் அதை நம்பமாட்டார். நாடியைப் பிடித்துப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார், கூட வந்த ஆளைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பார்.

நாவலில் என்னை இடறியது என்னவென்று அப்போது தெரிந்தது. இயந்திரத்துக்குக் கொலை செய்யும் மனம் கொடுத்தபோது, அதன் உண்மையான வேலையை நாவல் மறந்துவிட்டது. ஆஸ்பத்திரிகளில் இந்த அமைப்புகள் செய்வது பெரும்பாலும் வரிசைப்படுத்துவதுதான். இந்த எக்ஸ்ரேயை முதலில் பார், இந்த ஆளுக்கு ஆபத்து அதிகம், இவரை வீட்டுக்கு அனுப்பலாம். மருந்து ஏற்றும் பம்பை அவை தொடவே தேவையில்லை. ஆட்கள் குறைவான, நோயாளிகள் நிறைந்த ஓர் ஆஸ்பத்திரியில் வரிசையைத் தொட்டால் போதும். தம்பியின் கற்பனையிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. 'பிழைக்கமாட்டார்' என்று கணிக்கப்பட்டவரிடம் ஆட்கள் தாமதமாகத்தான் போவார்கள், குறைவாகத்தான் முயல்வார்கள். அவர் இறப்பார். கணிப்புச் சரியென்று பதிவாகும். அடுத்த தடவை அதே மாதிரியான ஆளுக்கு அதே கணிப்பு இன்னும் உறுதியாக வரும். கணிப்புத் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள மனமோ வெறுப்போ வேண்டியதில்லை.

வராதவர்கள் சுகதேகிகளாகத் தெரியும் கணக்கு

இதற்குப் பிறகு நான் வாசித்தவற்றையெல்லாம் பெரியம்மாவின் அந்த வசனத்தோடு சேர்த்தே வாசித்தேன். 1990-களில் அமெரிக்காவில் நியூமோனியா நோயாளிகளில் யாருக்குச் சாவு ஆபத்து அதிகம் என்று கணிக்க ஓர் ஆய்வு நடந்தது. தரவுகளிலிருந்து கணினி ஒரு விதியைக் கற்றுக்கொண்டது: ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து குறைவு. எந்த வைத்தியரும் இதைக் கேட்டால் திடுக்கிடுவார். ஆனால் தரவு பொய் சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரர் நியூமோனியாவோடு வந்தால் நேரே தீவிர சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் அவர்களில் இறந்தவர்கள் குறைவு. நன்றாகப் பார்த்ததால் பிழைத்தவர்களை, பார்க்கத் தேவையில்லாதவர்களாக அது எடுத்துக்கொண்டது. அந்த ஆய்வில் பங்கெடுத்த ரிச் கருவானா அப்போது மிகத் துல்லியமாக இருந்த மாதிரியை நோயாளிகளிடம் பாவிக்க வேண்டாம் என்று சொன்னார். ஆஸ்துமா விஷயம் கண்ணில் பட்டதால் பிடித்துவிட்டோம், அதேபோல் கண்ணில் படாதவை உள்ளே எத்தனை கிடக்கின்றன என்பதுதான் அவருடைய பயம்.

2019-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிடக் கிட்டவாக இருந்தது. அமெரிக்காவில் கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் நோயாளிகளைத் தெரிவு செய்ய, மிகப் பரவலாகப் பாவிக்கப்பட்ட ஒரு கணிப்பு முறை. அது கணித்தது ஒருவருக்கு எவ்வளவு வருத்தம் இருக்கிறது என்பதை இல்லை, அவருக்கு எவ்வளவு செலவாகும் என்பதை. வருத்தம் கூடினால் செலவு கூடும்தானே என்ற எண்ணம். கறுப்பின மக்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வசதி குறைவு, போனாலும் அவர்களுக்காகச் செலவிடப்படுவது குறைவு. அதனால் ஒரே புள்ளி பெற்ற வெள்ளையரைவிட அவர்கள் கூடிய நோயாளிகளாக இருந்தும் கணக்கில் சுகதேகிகளாகத் தெரிந்தார்கள். அந்தக் கோணலைத் திருத்தினால், கூடுதல் கவனிப்புக்குத் தெரிவாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கணிப்பு முறைக்குக் கொடுத்த தரவில் எந்த இடத்திலும் இனம் என்றொரு நிரல் (அட்டவணையின் பத்தி) இருக்கவில்லை. நிரலே இல்லாமல் வேலை நடந்திருக்கிறது.

எங்கள் இலவச வைத்தியத்தில் செலவு என்ற நிரல் இப்படி வராது என்று ஒருவர் சொல்லலாம். சரி, செலவுக்குப் பதிலாக எதை எடுப்பார்கள்? கையில் இலகுவாகக் கிடைப்பது வரவுதான். எத்தனை தடவை கிளினிக்குக்கு வந்தார், எத்தனை தடவை வாட்டில் மறிக்கப்பட்டார், எத்தனை பரிசோதனை செய்தார். இப்போது நெடுந்தீவிலிருந்து வரும் ஒரு சலரோகக்காரரை நினைத்துப் பாருங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருவதற்கே ஒரு மணித்தியாலம் போலக் கடல். அங்கிருந்து பண்ணை வரை பஸ். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அவர் வருடத்தில் பாதிக் கிளினிக்கைத் தவறவிடுவார். திருநெல்வேலியில் அல்லது கொக்குவிலில் இருப்பவர் மாதம் தவறாமல் வருவார், சின்னத் தடிமனுக்கும் வருவார். வரவை வைத்து வருத்தத்தைக் கணித்தால் நெடுந்தீவுக்காரர் சுகதேகி, கொக்குவில்காரர் நோயாளி. தீவிலிருந்து நெஞ்சு நோவோடு அவசரமாகப் படகில் ஏற்றிவரப்பட்ட ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் 'ஆபத்து குறைவு' என்று பச்சை நிறம் எரியும். கடமையில் நிற்கும் புதிய வைத்தியர், அவர் முன்னால் நாற்பது பேர், பச்சையைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போவார்.

தீவு மட்டும் இல்லை. எங்கள் நாட்டில் கிளினிக் கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கும். 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குத் தப்பி யாழ்ப்பாணம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எத்தனை கொப்பிகள் செம்மணி வெளியோடு போயின. 2009-ல் வன்னியிலிருந்து வந்தவர்கள் உயிரை மட்டும் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதான ஒருவரின் உடம்பில் செல்துண்டு இருக்கும், ஒரு சிறுநீரகம் பழுதாகி இருக்கும், ஆனால் பதிவில் அவருடைய சரித்திரம் முகாமில் கொடுத்த முதல் துண்டோடுதான் தொடங்குகிறது. வெறுமையான இடத்தை மனிதர் பார்த்தால் 'ஏன் ஒன்றும் இல்லை?' என்று கேட்பார். கணக்குக்கு வெறுமை என்பது ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான், யாராவது அதற்கு வேறுமாதிரிச் சொல்லிக்கொடுக்காத வரை.

இதையெல்லாம் எழுதுவதால் இந்த அமைப்புகள் வேண்டாம் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அவை வேண்டும். எக்ஸ்ரே பார்த்துக் காசநோயைச் சந்தேகிக்கும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் பாவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரே வாசிக்க நிபுணர் இல்லாத ஊர்களுக்கு அது பெரிய விஷயம். சுவீடனில் 80,000 பெண்களிடம் நடந்த மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு படங்களை வாசித்தபோது வாசிப்பவர்களின் வேலைப்பளு 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்கள் குறையவில்லை. 2023-ல் வெளியான முடிவு. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011-ல் நாட்டின் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து நிதி சேர்த்தார்கள். அப்படி எழுந்த இடத்தில் ஒரு நிபுணரின் நேரத்தில் பாதி மிச்சமானால் எத்தனை பெண்களுக்கு முந்திய திகதி கிடைக்கும் என்று யோசிக்கிறேன்.

ஆனால் ஆய்வுகூடத்தில் நன்றாக ஓடியது கிளினிக்கில் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நீரிழிவால் கண் கெடுவதைப் படத்தில் பார்த்துச் சொல்லும் கூகுளின் மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்த படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆஸ்பத்திரிகளின் படங்களும் உண்டு. எங்கள் ஊரிலிருந்து கண்காட்டப் போகிறவர்கள் ஏறி இறங்கும் வாசல்கள். அதைத் தாய்லாந்தின் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, தாதியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தெளிவில்லை என்று நிராகரித்தது. அறையை இருட்டாக்க வசதியில்லை, இணையம் மெதுவாக ஓடியது. நிராகரிக்கப்பட்டவருக்குச் சொல்லப்பட்டது, இன்னொரு நாள் வேறு ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுங்கள் என்பது. நெடுந்தீவுக்காரரிடம் அதைச் சொன்னால் அவர் வரமாட்டார்.

எச்சரிக்கை அதிகமானாலும் இதே கதைதான். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் பாவித்த எபிக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றி உடம்பு முழுவதையும் பாதிக்கும் நிலை) கணிப்பை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2021-ல் சோதித்துப் பார்த்தார்கள். அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதமானோருக்கு அது எச்சரிக்கை அடித்தது. அப்படியிருந்தும் செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது பிடிக்கவில்லை. இவ்வளவு அடித்தால் இரவுக் கடமையில் இருக்கும் தாதி என்ன செய்வார்? டைலர் நகரத்துப் பெண் 'பிழை 54' வந்தபோது செய்ததைத்தான் செய்வார்.

கையெழுத்து

தம்பியிடம் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுந்தீவுக்காரர் விஷயம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் பழைய கேள்வியை விடவில்லை. "வாசிக்கிற ஆள் கடைசி அத்தியாயத்தில ஆரையாவது பிடிச்சுத் தா எண்டு கேப்பான் அக்கா. தரவு கோணல் எண்டு சொல்லி முடிச்சா புத்தகத்தைத் தூக்கி எறிவான்." நியாயமான பேச்சு. ஒருவரும் பொறுப்பில்லை என்று முடிகிற கதை எனக்கும் வேண்டாம். அது பொய்யும் கூட. இயந்திரத்துக்கு மனம் கொடுத்தாலும் சரி, எல்லாம் விதி, எல்லாம் தரவு என்று கைவிரித்தாலும் சரி, இரண்டிலும் மனிதர்கள் தப்பிவிடுகிறார்கள். பெரியம்மா முதலில் கேட்ட கேள்வியை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அப்ப நேர்ஸ் எங்க போட்டா. வாட்டில் ஒரு பனடோல் கொடுத்தாலும் கையெழுத்து இருக்கும். ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பிய வைத்தியரின் கையெழுத்து இருக்கும். ஒருவரை வரிசையில் நாற்பதாவது ஆளாகத் தள்ளியதற்கு யாருடைய கையெழுத்து? அந்தப் பச்சை நிறத்துக்கு யார் பொறுப்பு? எதிரி வேண்டுமென்றால் அந்தக் கையெழுத்தைத் தேடிப் போ என்றேன்.

தேடினால் அது ஒரு கூட்டத்தில்தான் போய் நிற்கும் என்பது என் எண்ணம். குளிரூட்டிய அறை, தேத்தண்ணி, ரோல்ஸ். அமைப்பு எதைக் கணிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டம். வருத்தத்தின் கடுமையைக் கணிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்வார். அதற்குத் தரவு இல்லையே, கொப்பியெல்லாம் நோயாளியின் வீட்டில் இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். வரவுப் பதிவு மட்டும் கொம்பியூட்டரில் இருக்கிறது. நேரம் போகிறது, நிதி திரும்பிப் போய்விடும். "இருக்கிறதை வைச்சுத் தொடங்குவம்" என்று யாரோ சொல்வார். எல்லாரும் தலையாட்டுவார்கள். தீவுப்பகுதியில் வேலை செய்த ஒரு தாதி அந்த மேசையில் இருந்திருந்தால் எழும்பிக் கேட்டிருப்பார். அவரை யாரும் அழைக்கவில்லை. கூட்ட அறிக்கையில் வந்தவர்களின் கையொப்பங்கள் வரிசையாக இருக்கும். அவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது, கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காத ஆட்கள் இருக்கிறார்கள். இதைவிட நல்ல கடைசி அத்தியாயம் எனக்குத் தெரியவில்லை.

அவன் பாதிதான் ஒத்துக்கொண்டான். பொட்டாசியத்தை விடமாட்டானாம். முதல் பாதியில் அந்தச் சந்தேகம் அப்படியே இருக்கும். பெண் வைத்தியர் பம்புகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இரவு முழுக்க விழித்து, கடைசியில் ஒரு பம்பிலும் ஓர் அளவும் மாறவில்லை என்று கண்டுபிடிப்பார். அப்படியானால் இவர்கள் எப்படிச் செத்தார்கள் என்ற கேள்வியோடு இரண்டாம் பாதி தொடங்கும். இறந்தவர்களின் விலாசங்களை அவர் ஒரு தாளில் எழுதுவார்: நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, பிறகு மீள்குடியேறிய கிராமங்கள் சில. நல்ல யோசனை என்று சொன்னேன். கூட்ட அத்தியாயத்தை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன். வாட்டுக் காட்சிகளைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்ட அவனே வருகிறான். அவர் இப்போதே ஒரு திருத்தம் சொல்லி வைத்திருக்கிறார்: அந்த இளம் வைத்தியருக்குப் பக்கத்தில், திரையில் பச்சை எரிந்தபோதும் நம்பாமல் போய் நாடி பிடித்துப் பார்த்த ஒரு தாதி இருக்க வேண்டும், அவருக்கு நாவலில் ஒரு பெயரும் இருக்க வேண்டும்.